பொட்டு வைத்த குழாய்

எனக்கு ஆளிவிதை எண்ணெய் வாசம் ஒத்துக்கொள்ளாது, ஐயா. காய்ச்சினாலே மண்டை இடிக்கும். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

என் பெயர் கலியன். வடக்கே லோஹேகாவ் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பறக்கும் கிளப்பில் தலைமை மெக்கானிக். எங்கள் சின்ன விமானத்தின் உடம்பு இரும்புக் குழாய்களால் ஆனது; மேலே துணி போர்த்தியிருக்கும். வருடம் ஒருமுறை வால் பக்கத்துக் குழாய்களின் திருகைக் கழற்றி, சூடான எண்ணெயை உள்ளே ஊற்றி, வடித்து, மூட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருந்தே துரு தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஆறு வருடம் நான் ஊற்றவில்லை. ஊற்றியதாக எழுதினேன்.

தொண்ணூற்றேழில், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், சோதனைக்காகத் துணியைப் பிரித்துக் குத்தூசியால் அழுத்திப் பார்த்தேன். நல்ல குழாயில் ஊசி வழுக்கும். அடிக் குழாயில் அது உள்ளே இறங்கிவிட்டது. பயமாக இருந்தது. இருபத்திரண்டு வருட சர்வீஸ். பூஜையன்று எல்லாக் குழாய்க்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தடிப்பாக.

நான் பார்த்ததை எனக்கு அடுத்த மெக்கானிக் ஜேசுராஜ் மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி. வேதக்காரன், அடுத்தவர் சாமியை மதிப்பவன். மறுநாள் காலை குத்தூசியோடு வந்தவன் அந்தப் பொட்டின் முன் தயங்கினான்.

“அண்ணே, பொட்டு மேல குத்தலாமா? பாவமில்ல?”

“சாமிக்கு வெச்சதுடா. பக்கத்துல குத்திப் பாரு, போதும்.”

பக்கத்தில் ஊசி வழுக்கியது. “டீக் ஹைண்ணே, சரியா இருக்கு” என்று கையெழுத்துப் போட்டான். இருவரும் சேர்ந்து துணியைத் தைத்தோம்.

சோதனைப் பறப்பில் மெக்கானிக் ஒருவர் கூடப் போவது எங்கள் வழக்கம். எப்போதும் நான்தான் போவேன். அன்று வயிறு சரியில்லை என்றேன். பைலட் ஆஸ்டினின் பின் சீட்டில் ஏறுமுன் ஜேசுராஜ் தன் டப்பாவை என் கையில் கொடுத்தான்.

“எல்சி தயிர் சாதம் கட்டிருக்கா. வயித்துக்கு நல்லது, நீங்க சாப்பிடுங்கண்ணே.”

எல்சி அவன் மனைவி.

வால் முறிந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஊறுகாயும் வைத்திருந்தாள். இருவரும் பிழைக்கவில்லை. டப்பாவை நன்றாகக் கழுவி எல்சியிடம் சேர்த்துவிட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்று கிளப்பில் பேசுகிறார்களாம். பூசணிக்காய் இல்லை, ஐயா. ஊசி முனை அளவு ஓட்டை. குழாய் தாங்காது என்று தெரிந்தேதான் அவர்களைப் போகவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இதையும் எழுதுங்கள்: அந்தப் பொட்டை நான் குளித்துவிட்டு, பக்தியோடுதான் வைத்தேன்.