மங்கல் நிற மேல்சட்டை

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். என் வேலை என்னவென்று கேட்டீர்கள். அகராதி அலுவலகத்தில் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் விளக்கம் எழுதுகிறேன்.

போன மாதம் 'சப்ஃபஸ்க்' என்றொரு சொல் என் மேசைக்கு வந்தது. அதிகம் பேர் அறியாத சொல். லத்தீனில் 'ஃபஸ்கஸ்' என்றால் கருமை படிந்தது. முன்னால் 'சப்' சேர்ந்தால் 'ஓரளவு' என்றாகும். முழுக் கருப்பும் இல்லை, வெளிச்சமும் இல்லை. களையே இல்லாத உடைக்குச் சொல்வார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: எதையும் கண்ணால் பார்க்காமல் விளக்கம் எழுதக் கூடாது. கடை கடையாகத் தேடி அந்த நிறத்தில் ஒரு மேல்சட்டை வாங்கினேன். என் மனைவியின் அளவில்.

அவள் தையற்கூடத்தில் வேலை முடிந்து, இருட்டும் நேரத்தில் சைக்கிளில் வருவாள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் மேல்சட்டை. யார் பார்ப்பதற்கு? மருந்துக்கடைக்காரன் அவளைக் கண்டதும் கையசைப்பான். கேட்டால் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் தூக்கம் பிடிக்காது, உங்களுக்குத் தெரியாததா?

நேற்றுக் காலை புதியதைக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க இது, கரித்துணி மாதிரி இருக்கு? இருட்டுல வண்டிக்காரனுக்கு என்னைத் தெரிய வேணாமா?"

"எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

"விளையாடாதீங்க. என் மஞ்சளைக் குடுங்க."

மஞ்சளைக் கத்தரித்து ஜன்னல் துடைக்கப் போட்டிருந்தேன். அந்தத் துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு புதியதைப் போட்டுக்கொண்டாள். நான் குரலை உயர்த்தவே இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

மாலையில் அவள் திரும்பி வரும்போது தெரு வளைவில் லாரி மோதியது. "சத்தியமா யாரும் கண்ணுல படலைங்க" என்று ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம். பிள்ளைகுட்டிக்காரர். அவரை விட்டுவிடுங்கள், அவர் பொய் சொல்லவில்லை.

சைக்கிளின் பின்விளக்கு மோதலில் தெறித்துப் போனதாக உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. காலையில் அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது நான்தான் கழற்றினேன். ஆமாம், வண்டிக்காரனைப் பற்றி அவள் சொன்ன பிறகுதான். செக்கச்செவேலென்று எரியும் விளக்கு. தெருவே திரும்பிப் பார்க்கும்.

அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததேயில்லை, ஐயா. யார் கண்ணிலும் படாமல் வீடு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.