எட்டுக் கட்டத்துல எங்க வீடு

கைய நல்லா தூக்குங்க டீச்சர்... அளவெடுக்குறப்போ அசையாதீங்க லா, ஜாக்கெட்டு கோணிக்கிட்டா அப்புறம் என்னையத்தான் திட்டுவீங்க! நீங்க நல்லவங்கதான், நா இல்லேன்னு சொல்லல. ஆனா தமிழ்ப்பள்ளிக்குப் படிக்க அனுப்புன புள்ளைய காமிக் வரைய வெக்கிறீங்களே, இது எந்த ஊரு நியாயம்? நாங்க படிக்கிறப்போ நோட்டுல பொம்ம வரஞ்சா ரோத்தான் பெரம்பால அடி விழும். இப்ப பொம்ம வரஞ்சாத்தான் மார்க்காம்!

சரி, வரையட்டும். குரங்கு, முயல்னு எதையாச்சும் வரையச் சொல்லக் கூடாதா? 'எங்க வீடு'ன்னு தலைப்பு! எட்டுக் கட்டம்! எம்மவ ரூபினி என்னைய வரஞ்சிருக்கா பாருங்க... அம்மாடி! தையல் மெஷினவிட வாய் பெருசு. கட்டம் பூரா எம்பேச்சுதான், பலூன் பலூனா. அவங்கப்பா தல பாதி மறஞ்சு போச்சு. பூனகூட பலூனுக்கு அடியில நசுங்கிக் கெடக்கு!

அதப் போயி வகுப்புச் செவுத்துல ஒட்டி வெச்சிருக்கீங்க. சனிக்கெழம ரிப்போட் கார்டு வாங்க நம்ம குருண் ஊருல பாதிப் பேரு வருவாங்க. பக்கத்து வீட்டு பிரேமாவதி ஒருத்தி போதும். 'டெய்லர் குணசுந்தரி வீட்டு லட்சணத்த பாத்தீங்களா'ன்னு பாசார் பூரா சொல்லி சந்தி சிரிக்க வெச்சிடுவா. கழட்டிடுங்க டீச்சர், உங்களுக்குப் புண்ணியமா போகும்... என்ன? இருங்க, இருங்க, நா முடிச்சிடுறேன். திரும்புங்க.

அதுலயும் அரகொற வேல வேற! எல்லாக் கட்டத்துலயும் ரூபினி ஓரமா நிக்கிறா. அவ வாய்க்கிட்டயும் பலூன் இருக்கு, உள்ள ஒண்ணுமே எழுதல. வெறும் வெள்ள. அதுக்குப் போயி முழு மார்க் போட்டிருக்கீங்க.

நேத்து கேட்டேன், 'ஏண்டி இத எழுதாம விட்ட?'ன்னு. என்னையே பாத்தா. வாயத் தொறந்தா. அதுக்குள்ள நா, 'பென்சில் மொன மழுங்கிருச்சா? சீவுறதுக்கு என்னா நோவு? உங்கப்பனாட்டமே சோம்பேறி'ன்னு... மூச்சு விடாம பேசிக்கிட்டே போயிட்டேன். திரும்பிப் பாத்தா புள்ளயக் காணோம். ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்கிட்டா.

அதுலேருந்து மனசே சரியில்ல டீச்சர். பதினோரு வயசுப் புள்ள என்ன சொல்ல வந்துச்சுன்னே எனக்குத் தெரியல. பள்ளியில நல்லா பேசுறாளாமே? வீட்டுல ஊமக்கோட்டான் மாதிரி இருக்கா. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா? சொல்லுங்க... அதுக்கு முன்னாடி கழுத்து எறக்கம் எவ்ளோன்னு... சீ, எம்வாய! இந்தா, நாலு குண்டூசிய எடுத்து உதட்டுல கவ்விக்கிறேன். இனி பேச முடியாது.

சொல்லுங்க டீச்சர்.