கொக்கு நின்ற இடத்தில் வேம்பு நின்றாள்

அவைத்தலைவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் துரைராசு ஐயா அவர்களே! வரவேற்றுப் பேசிய ஊராட்சித் தலைவர் குணசேகரன் தம்பி அவர்களே! மாலையும் பொன்னாடையுமாக மேடையில் வீற்றிருக்கும் விழா நாயகர் அவர்களே! வயலையும் வேலையையும் விட்டுவந்த பெரியோர்களே! என்னைப் பெறாவிட்டாலும் பெற்றவர்களைப் போலப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

இருங்கள், வணக்கம் இன்னும் முடியவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் புரட்டாசியில் சினிமாக்காரர்கள் வந்த அன்று, வாய்க்கால் ஓரத்து வயலில் இறங்கி நடவு நட்டவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாக வேண்டும். ஈஸ்வரி. வானதி. ஜெயபாரதி. செந்தாமரை. செந்தாமரையைப் பெற்ற வேம்பு. கண்ணாத்தாளாகிய நான். வரப்பிலே சினிமா வித்தைக்குப் பச்சைத் திரை கட்டிக்கொண்டு நின்ற இளவழகன். வேம்பு தவிர மற்ற எல்லோரும் இந்த மண்டபத்தில் இருக்கிறோம். வேம்பு அடுத்த தை மாதமே போய்ச் சேர்ந்தாள். அவளுக்கும் வணக்கம்.

தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். “பிரமாண்டக் காட்சிகளால் ஒரு படம் மக்கள் நெஞ்சில் நிற்குமா?” எனக்கு முன்னே பேசிய மூவரும் நிற்கும், நிற்கும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் காட்சிகளைக் கம்ப்யூட்டரில் செய்து விருது வாங்கியவர் மேடையில் இருக்கும்போது வேறென்ன சொல்வார்கள்? நான் மூன்றாவது வரை படித்தவள். ஆனால் இந்தத் தஞ்சைத் தரணியில் மேடைப்பேச்சு கேட்கப் பள்ளிக்கூடம் எதற்கு? மைக்செட் கட்டினால் போதாதா? கேட்டது எதையும் நான் மறக்கவில்லை. மறக்கத் தெரியாததுதான் எனக்கு வந்த வியாதி.

படத்தின் பெயரை என் வாயால் சொல்ல மாட்டேன். சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். கொள்ளிடக் கரை உடைந்து ஊரையே விழுங்குகிற படம். பொய் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. அலை எழுந்தது, அரங்கம் அதிர்ந்தது! தஞ்சாவூர் தியேட்டரில் நான் இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த பெண், “பாட்டி, செருப்பு நனையாது, இறக்குங்க” என்று சிரித்தது. சிரிக்கட்டும். கம்ப்யூட்டரில் செய்த தண்ணீருக்கு நான் பயந்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

சரி, உங்களைக் கேட்கிறேன். படம் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். அடேயப்பா, மண்டபமே தூக்குகிறது! அந்த அலை என்ன நிறம்?

நீலமா? யார் அங்கே, கறுப்பா? செம்மண் நிறம் என்கிறார் மீசைக்காரர். பச்சை என்கிறாள் ஜெயபாரதி. உனக்கு எல்லாமே பச்சைதான்டி, உட்காரு.

இன்னொன்று கேட்கிறேன். தண்ணீர் வாசலுக்கு வந்தபிறகு, கூரைமேல் ஏறிய தாய் தன் மகளைப் பார்த்து என்ன கேட்டாள்?

ஆங்! “மாட்ட அவுத்து விட்டியாடி?” கேட்டீர்களா ஐயா, முந்நூறு வாயும் ஒரே வாயாகச் சொல்வதை! அந்தக் கேள்விக்கு எந்தக் கம்ப்யூட்டர் உழைத்தது? கோடிக்கணக்கில் கொட்டிய அலைக்கு இந்த மண்டபத்தில் நாலு நிறம். வெறும் வாயால் கேட்ட கேள்விக்கு ஒரே பதில். வெள்ளத்தில் மாட்டை இழந்தவர்கள் நாம். நம்மைத் தொட்டது நின்றது. நம்மைத் தூக்கி அடித்தது போனது.

அந்தக் காலத்தில் கீற்றுக் கொட்டகையில் சாமி படம் பார்த்தோம். தேவதை பறப்பாள், அவள் இடுப்பில் கட்டிய கம்பி பளிச்சென்று தெரியும். ஈஸ்வரியின் அம்மா கம்பியைப் பார்த்துக்கொண்டே கும்பிட்டாள். கேட்டால், “கம்பி இல்லாம விழுந்துட மாட்டாளா, பாவம்” என்றாள். ஆகவே, வித்தை தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வித்தை வேண்டும். யாரைக் காட்டுவதற்காக வித்தை, யாரை மறைப்பதற்காக வித்தை? அதுதான் என் வழக்கு.

அன்று நடந்தது இதுதான். டைரக்டர் தங்கமான பிள்ளை. அரிசியை மூட்டையில் மட்டும் பார்த்தவர். “அம்மா, அலை உங்களுக்குப் பின்னால வரும். நீங்க அது தெரியாம, கேமராவப் பாத்து முன்னால நடந்துகிட்டே நடுங்க. முகம் தெரியணும்” என்றார். நாங்கள் சிரித்தோம். தாய்மார்களே, எந்த ஊரில் எந்தப் பெண் முன்னே நடந்துகொண்டு நடவு நடுகிறாள்? நட்டுக்கொண்டே பின்னால் போவதுதானே நடவு! இன்றைக்கு வந்திருக்கிற இயந்திரம்கூட நாற்றைத் தனக்குப் பின்னே ஊன்றிவிட்டுத்தான் முன்னே போகிறது. இரும்புக்கும் தெரிகிறது, தான் நட்டதைத் தான் மிதிக்கக்கூடாதென்று.

ஆனால் நாங்கள் முன்னே நடந்தோம். நானும்தான். சினிமா ஆசை. ஊன்றிய நாற்றை ஊன்றிய காலாலேயே மிதித்துக்கொண்டு நடந்தோம். வேம்பு மட்டும் நின்றாள்.

“ஏக்கா, நீயுமா?” என்றாள் என்னைப் பார்த்து.

“ஒரு நாளைக்குத்தானடி, வா” என்றேன்.

“நட்ட நாத்த மிதிக்கவா நான் சோறு திங்கிறேன்? போங்கக்கா” என்று கேமராவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாள். முறைப்படி பின்னால் பின்னால் வந்தாள். நடுவில் ஒருதரம், வரப்பு எவ்வளவு தூரம் என்று தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தாள். கேமரா மூக்குக்கு நேரே இருந்தது. பார்த்தவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அங்கிருந்த சின்ன டிவியில் காட்டினார்கள். “அம்மா, நீ இம்புட்டு அழகாம்மா!” என்றாள் செந்தாமரை. சாயங்காலம் வண்டிகள் போனபிறகு, நாங்கள் மிதித்த நாற்றையெல்லாம் வேம்பு ஒருத்தியே மறுபடி ஊன்றினாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வேம்புவுக்குப் புகைப்படம் கிடையாது. செல்போனைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். ஆதார் அட்டையில் ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது வேம்பு என்று அரசாங்கம் சொல்கிறது, நாங்கள் சொல்லவில்லை. மகளுக்கு மிச்சம் அந்த ஒரு சிரிப்புத்தான். தீபாவளிக்குப் படம் வந்ததும் செந்தாமரை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடினாள். காணவில்லை. கண் சிமிட்டிவிட்டோமோ என்று மறுநாளும் போனாள். மூன்றாந்தரம் என்னையும் கூட்டிப்போனாள்.

பார்த்தேன். ஐந்து பேரை ஐயாயிரம் பேராக்கியிருந்தார்கள்! எட்டிய மட்டும் பெண்கள், எல்லோரும் நாற்றை மிதித்துக்கொண்டு முன்னே வருகிறோம். நானே நூறு கண்ணாத்தாளாக வருகிறேன். ஒரு வேம்பு இல்லை. அவள் குனிந்து நின்ற இடத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு நிற்கிறது. செந்தாமரை அந்தக் கொக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அலை வந்துவிட்டது. ஜனங்கள் கை தட்டினார்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தவனை, இதோ மாலையோடு மேடையில் இருப்பவனை, வாசலில் மறித்துக் கேட்டேன். “ஏம்பா, உங்க அத்த எங்க?”

“பெரியம்மா, எல்லாரும் ஒரு பக்கம் பாத்தா அத்தை மட்டும் ரிவர்ஸ்ல போறாங்க. ஷாட் கெட்டுடும்னாங்க. கிளீன் பண்ணிட்டேன்” என்றான்.

கிளீன்! களையா அவள்? அழுக்கா அவள்? அப்பன் வேறு கல்யாணம் கட்டிப்போனபோது இவனைப் பத்து வருஷம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவள் அவள். நடவு எந்தப் பக்கம் போகும் என்று டைரக்டருக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியாதா? லீவு நாளில் எங்களுக்கு நாற்று முடி தூக்கிக் கொடுத்தவனுக்குத் தெரியாதா? “நடவு இப்படித்தான் சார்” என்று வரப்பில் நின்று ஒரு வார்த்தை சொன்னானா? தப்பாக நட்ட எங்களை ஆயிரமாக்கி, சரியாக நட்ட ஒருத்தியை அழித்ததற்கா விருது?

தலைவர் துண்டுச்சீட்டு நீட்டுகிறார். ஐயா, ‘நேரமாகிவிட்டது’ என்பதைப் படிக்கும் அளவுக்கு நான் படிக்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். யாருப்பா அங்கே, “மாலை போட்ட இடத்துல வேணாம் ஆத்தா” என்பது? கிடைத்த இடத்தில்தானே கேட்க முடியும்?

தம்பி, இந்தப் பக்கம் திரும்பு. அத்தை சிரித்த அந்தப் படம் இருக்கிறதா, அழிந்துவிட்டதா? மைக்கை அவனிடம் கொடுங்கள்.

“இருக்கு பெரியம்மா. கம்பெனியில இருக்கு. அவங்க அனுமதி இல்லாம நான் எடுத்தா என் வேலையே போயிடும்.”

இருக்கிறதாம்! கேட்டுக்கொள் செந்தாமரை, உன் அம்மா இருக்கிறாளாம். உன் வேலை போகவேண்டாம் தம்பி, நன்றாக இரு. பொங்கலில் கேட்டேன், இது ஆவணி. எட்டு மாதம். அந்தக் கம்பெனியில் வாயைத் திறந்து, “எங்க அத்தை படம், ஒண்ணே ஒண்ணு தாங்க” என்று ஒருதரம் கேட்டாயா?

கேட்டியா?

தலையைக் குனியாதே. மைக் உன் கையில்தான் இருக்கிறது.

சரி, அதை வாங்கிக் கீழே வையுங்கள்.

இவ்வளவு நேரம் பொறுத்த பெரியோர்களுக்கு என் நன்றி. கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கு என் வணக்கம். தெரியாமல் கேட்ட டைரக்டரை மன்னித்துவிட்டேன். தெரிந்தே மிதித்த எங்களை வேம்பு அன்றைக்கே மன்னித்துவிட்டாள். ஒரே ஒருவரை மட்டும் நான் மன்னிக்கவில்லை. சாகும்வரை மன்னிக்கவும் மாட்டேன். வேம்புவின் அண்ணன் மகன் இளவழகன்.