மேலிருந்து அறுபத்திரண்டு மில்லிமீட்டர்

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாகி ஐயா அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, மெஷினை நிறுத்திவிட்டு மை படிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் அச்சகத் தோழர்களே, முதல் வரிசையில் இருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, அண்ணனின் மகளே! அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த ஆண்டில் இந்த மேடையில் நான் ஏறுவது மூன்றாவது முறை. அதே மைக், அதே கறகறப்பு, அதே பிளாஸ்டிக் நாற்காலிகள். படம் மட்டும் மாறுகிறது. எனக்கு அலுத்துவிட்டது, தோழர்களே! போனவர்களைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டேன். இன்றைக்கு வேறு யாராவது பேசட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இன்று பேசாமல் விட்டால் இனி அண்ணியின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

எனக்குப் பின்னால் இருக்கும் பேனரைப் பாருங்கள். அண்ணனின் படத்துக்குக் கீழே இருக்கும் வரி வலது பக்கம் ஒதுங்கி நிற்கிறது. உள்ளே நுழைந்ததிலிருந்து அது என் கண்ணை உறுத்துகிறது. யாரிடம் போய்ச் சொல்வேன்? சொன்னால் உடனே ஏணி போட்டு ஏறிச் சரிசெய்கிற ஒரே மனிதர் அந்தப் படத்துக்குள் அல்லவா இருக்கிறார்!

நம் பக்க வடிவமைப்பாளர், முப்பத்தோரு ஆண்டுகள் இந்த அச்சகத்தின் கண்ணாக இருந்தவர், நாம் எல்லோரும் ஸ்கேல் அண்ணன் என்று கூப்பிட்டவர். சட்டைப் பையில் பேனா இல்லாமல் வருவார். ஸ்டீல் ஸ்கேல் இல்லாமல் வரமாட்டார். எழுத்துகளைத் தாளில் அதனதன் இடத்தில் வைப்பது அவர் வேலை. சான்றிதழில் பெயர் கோட்டின் மேல் சரியாக உட்கார வேண்டும். படிவத்தில் எண் கட்டத்துக்குள் நிற்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்த பிறகு, "அதுவே வச்சுக்கும், விடுங்கண்ணே" என்று எத்தனை பேர் சொன்னோம்? அவர் விட்டாரா? "அதுவே வைக்கும். எங்க வைக்கும்னு அதுக்குத் தெரியுமா?" என்பார். மேலிருந்து இத்தனை, இடமிருந்து இத்தனை என்று ஒவ்வொரு பத்திக்கும் அளவு கொடுத்து ஆணி அடித்த மாதிரி நிறுத்துவார்.

அளவு கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. "எங்க இருந்து அளந்தீங்க?"

பதில் சொன்னதும் மறுபடி கேட்பார். "எங்க இருந்து?"

இந்த இரண்டாவது கேள்வியை வைத்து நாம் எவ்வளவு சிரித்திருக்கிறோம்! அண்ணனுக்குக் காது மந்தம் என்றோம். வயசாகிவிட்டது என்றோம். பைண்டிங் பிரிவில் அவரைப் போலவே பேசிக் காட்டி டீ வாங்கிக் குடித்தவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். நானும் கூடவே சிரித்தேன். அவர் காதில் ஒரு கோளாறும் இல்லை என்று தெரிந்துகொண்டே சிரித்தேன்.

உங்கள் கையில் ஒரு துண்டறிக்கை கொடுத்திருக்கிறார்கள். அண்ணனின் வாழ்க்கைக் குறிப்பு. அதில் மூன்றாம் பத்தியைப் பாருங்கள். "நீண்ட பணிக்காலத்தில் ஒரே ஒரு முறை தவறினாலும், அத்தவற்றைத் தாமே கண்டுபிடித்துத் திருத்திய பெருந்தன்மையாளர்." பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நிர்வாகி ஐயாவைக் குறை சொல்லமாட்டேன். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் சாவு வீட்டில் அண்ணனின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "அப்பா ஒரு தடவதான் தப்பு பண்ணாரு. அதையே கடைசி வரைக்கும் நெனச்சுட்டு இருந்தாரு, அத்தை."

தோழர்களே, அவரா தவறினார்?

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்துக்கு ஓர் அளவு அட்டை அடித்தோம். பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் படம், பக்கத்தில் ஒரு கட்டம். எடைக்குத் தக்கபடி எத்தனை மில்லி கொடுக்கலாம் என்ற எண் அந்தக் கட்டத்தில் விழ வேண்டும். முதல் வரிசை பச்சைக் குழந்தைக்கு. அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும், ஏனென்றால் டாக்டரைக் கேட்காமல் அந்தக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. படங்கள் வெளியில் வண்ணத்தில் அச்சாகி வந்துவிட்டன. எண்களை மட்டும் நாம் கறுப்பில் அடிக்க வேண்டும்.

அளந்து சீட்டு எழுதிக் கொடுப்பது மெய்ப்புப் பார்ப்பவரின் வேலை. அதாவது என் வேலை. என் மேசையில் வாடிக்கையாளர் கொடுத்த மாதிரி அட்டை ஒன்று இருந்தது. அதில் முதல் எண் நிற்க வேண்டிய இடம் வரை அளந்தேன். "மேலிருந்து 62 மி.மீ." என்று எழுதினேன். எழுந்து போய் மெஷினில் ஏறப்போகும் தாளை அளந்திருக்க வேண்டும். போகவில்லை. மாதிரி அட்டை ஓரம் வெட்டிய அட்டை. மெஷினில் இருந்த தாள்களோ இன்னும் வெட்டப்படாதவை. அச்சடித்த பிறகு வெட்டி எடுப்பதற்காகத் தலைப்பக்கம் எட்டு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டிருந்தார்கள்.

அண்ணன் கேட்டார். "எங்க இருந்து அளந்தீங்க, டீச்சர்?" சிவப்புப் பேனா வைத்திருப்பதால் எனக்கு அந்தப் பெயர்.

"ஓடுற தாள்லதாண்ணே, மேல் விளிம்புல இருந்து" என்றேன்.

பொய்! வாய் கூசாமல் சொன்ன பொய்! அவர் என்னை நம்பி வைத்தார்.

ஒவ்வொரு வரிசையின் உயரமும் எட்டு மில்லிமீட்டர். நான்கு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் எண்கள் கோட்டின் மேல் ஏறியிருக்கும். கேட்டில் நிற்கும் காவலாளிகூடக் கண்டுபிடித்திருப்பார். எட்டு நகர்ந்ததால் எல்லா எண்களும் ஒரு வரிசை மேலே போய் அழகாக அமர்ந்துவிட்டன. ஒவ்வொரு குழந்தைக்கும் அதைவிடப் பெரிய குழந்தையின் அளவு. பச்சைக் குழந்தைக்கும் ஓர் எண். மேலே இருக்க வேண்டிய காலிக் கட்டம் கீழே போய்விட்டது. புரூஃப் என்னிடம் வந்தது. எண்ணிப் பார்த்தேன். பதினொரு எண், ஒரு காலி. சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

அட்டைகள் கட்டுக் கட்டாக வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. அண்ணனின் கை சும்மா இருக்குமா? வெட்டி வந்த ஒரு கட்டிலிருந்து ஓர் அட்டையை உருவி ஸ்கேலை வைத்தார். அறுபத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்து நான்கு! ஓடிப்போய் வண்டியின் பின்கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

நிர்வாகி ஐயா அங்கே வந்து, "கட்டமெல்லாம் நெறஞ்சு அழகாத்தானே இருக்கு? இன்னும் என்னய்யா?" என்றார்.

"அழகா இருக்குங்க. அதாங்க பயமா இருக்கு" என்றார் அண்ணன்.

ஓர் அட்டைகூட வெளியே போகவில்லை. எத்தனை வீட்டுக் குழந்தைகள் அன்று பிழைத்தார்கள் என்று அந்த வீடுகளுக்கே தெரியாது.

பிறகு விசாரணை. யார் தப்பு? அறையில் மூன்று பேர். நான் எழுதிய சீட்டு அண்ணனின் சட்டைப் பையில், ஸ்கேலுக்குப் பின்னால் மடித்து இருந்தது. எனக்கு அதன் ஓரம் தெரிந்தது. அவர் சொன்னார், "எடம் வைக்கிறது என் வேலைங்க. தப்பு என் கையிலதான்."

நான் மரம் மாதிரி நின்றேன்.

அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய பிரிவுத் தலைமைப் பொறுப்பு எனக்கு வந்தது. என் அறைக் கதவில் பெயர்ப்பலகை மாட்டியபோது அவரே ஸ்கேலோடு வந்தார். "எடப்பக்கம் ஒரு நூல் ஏறியிருக்கு, டீச்சர்" என்று இறக்கி வைத்தார். நான் அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். "ஏண்ணே என்னக் காட்டிக் குடுக்கல?" என்று கேட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில இருந்தாரு. ரெண்டு நாளாத் தூங்காத கண்ணு. அது எனக்குத் தெரிஞ்சுது. ரெண்டாந்தரம் கேட்டிருக்கணும், கேக்கல. பாதித் தப்பு என்னோடதுதான்."

இப்போது புரிகிறதா, தோழர்களே? அன்றிலிருந்து அவர் ஏன் எதையும் இரண்டு முறை கேட்டார் என்று இப்போது புரிகிறதா? அது செவிட்டுக் காதின் கேள்வியா? களைத்துப்போன ஒருவர் பொய் சொல்லிவிட்டால், அதைத் திருத்திக்கொள்ள இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார் அந்த மனிதர்! பன்னிரண்டு ஆண்டுகள் நீங்கள் கேலி செய்தபோதும் காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பெயர் வெளியே வந்திருக்கும்.

நிர்வாகி ஐயா, என் மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள். எனக்கு இன்னும் பதினான்கு மாதப் பணி இருக்கிறது. அது வரை என்னை வேலையில் விட்டுவைத்தால், ஒன்று செய்வேன். இனி இந்த அச்சகத்தில் எந்த அளவுச் சீட்டிலும் எழுதியவர் பெயர் இருக்கும், எந்தத் தாளில் அளந்தது என்றும் இருக்கும். வாங்குகிறவர் இரண்டு முறை கேட்பார். யாரும் சிரிக்கக் கூடாது. இது நான் அண்ணனுக்குக் கொடுக்கும் வாக்கு. நீங்களும் கொடுப்பீர்களா?

கடைசியாக ஒன்று. இந்தப் பையில் இருநூறு சீட்டு அடித்துக் கொண்டுவந்திருக்கிறேன், பசையும் இருக்கிறது. சீட்டில் இரண்டே வரி. "அந்தத் தவறு அவருடையது அன்று. பொய்யான அளவு கொடுத்தவள் நான்." கீழே என் கையெழுத்து. துண்டறிக்கையின் மூன்றாம் பத்தியைச் சரியாக மூடும்படி வெட்டியிருக்கிறேன். அண்ணியிடம் அண்ணனின் ஸ்கேலைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். மேலிருந்து நூற்றுப் பன்னிரண்டு, இடமிருந்து பதினெட்டு. மாதிரியில் அளக்கவில்லை. உங்கள் கையில் இருக்கும் இதே தாளில் அளந்தேன். எங்க இருந்து அளந்தீங்க என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன், இரண்டு முறை.

பாப்பா, முதல் சீட்டை உன் தாளில் ஒட்ட வேண்டும். நீ மேலே ஏறி வராதே, உட்கார். நானே இறங்கி வருகிறேன்.