மாமாவுக்கு எந்தக் கலர்

எனக்குப் படிப்புதான் ஏறவில்லை. ஒட்டுக் கேட்பதில் நான் பி.எச்.டி. அறந்தாங்கி பஸ்ஸில் முன் சீட்டில், நிச்சயம் முடிந்த ஒரு ஜோடி. அந்தப் பெண் போனில், பையன் பாவாடையும் பொண்ணு பேண்ட்டும் போட்டிருக்கும் ஏதோ ஜப்பான் கார்ட்டூனை அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு எங்க காலேஜ் மாறுவேஷப் போட்டியில இதே மாதிரி மாத்திப் போடுவோம். நீங்க சேலை கட்டணும் மாமா. நான் பேண்ட் சட்டை."

"வெளையாடுறியா? ஊருக்குள்ள தெரிஞ்சா என்னாகும்?"

"ஜோடியா பேரு குடுத்துட்டேன். நீங்க வரலைன்னா நான் மட்டும் மீசைய ஒட்டிக்கிட்டு ஒத்தையா நிக்கணும்."

"ஆம்பள எப்புடி சேலை கட்டுறது?"

"ஜவுளிக்கடையில நாள் பூரா என்ன செய்றீங்க? தோள்ல போட்டு, கொசுவம் வச்சு, இடுப்புல சொருகித்தானே காட்டுறீங்க? தீவாளிக்கு எங்கம்மா எடுத்ததே, ஒங்க மேல நல்லா இருந்த சேலையத்தான்."

"அது வேலை."

"அன்னைக்குத்தான் எனக்கு ஒங்களப் புடிச்சுச்சு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சரி, வாரேன். ஆனா கலர நான்தான் பாப்பேன்."

"ஏன், ரோஸ் நல்லாத்தானே இருக்கும்?"

"கடைக் கண்ணாடியில போட்டுப் பாத்துட்டேன். எனக்கு ரோஸ் எடுப்பா இருக்காது."