மாமா இல்லாத அட்டைப்படம்

“எங்க மாமாவ தூக்கிட்டு பன்னிய மட்டும் வையிடி.”

திருக்கோவிலூர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளம்பெண்கள். இப்படிச் சொன்னவள் ஒரு வீடியோ கேம் செய்திருக்கிறாள். கல்வராயன் மலையில் தினைக்கொல்லைக்குள் புகுந்த காட்டுப்பன்றியை அவள் மாமா விரட்டும் கேம். அதற்கு அட்டைப்படம் போட்டவள் பக்கத்தில் இருந்த, ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்க்கும் தோழி. சாயங்காலம் அது ஆன்லைன் கடையில் ஏறியாக வேண்டும்.

“ஒனக்கு லேப்டாப் வாங்கிக் குடுத்தவருடி அவரு!” என்றாள் தோழி. “ஒங்க சித்தப்பா, அத்தைங்க எல்லாரையும் கீழ வட்டத்துல வச்சிக்கீறேன். ஒருத்தர வுட்டாலும் சண்டைக்கு வருவாங்க.”

“இது இன்னா காதுகுத்து பேனரா? ஆன்லைன் கடையில நகத்தளவுதான் தெரியும், பாரு.” கேம் செய்தவள் போனில் படத்தைச் சுருக்கி, கையை நீட்டிக் காட்டினாள்.

“அய்யய்யோ, கடுகு கொட்டுன மாதிரி கீதுடி!”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உறவுகள் ஒவ்வொருவராக அழிய, பன்றியின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. இரண்டு இருக்கை தள்ளி டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா அந்தப் பன்னி, என்னயே மொறைக்குது?”

“அங்கேர்ந்தே தெரிஞ்சிடுச்சிடி!” கேம் செய்தவள் குதித்தே விட்டாள்.

“சரி, மாமா கேட்டா இன்னா சொல்லுவ?”

“பன்னிய தொரத்திக்கினு பின்னாடி வராரு, இன்னும் படத்துக்குள்ள வந்து சேரலன்னு சொல்லிக்கிறேன்.”