நாற்பத்து மூன்றாவது ஆள்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர், சீயோன் ஆலயத்தின் தூணும் துணையுமாய் நிற்கும் போதகர் அம்புரோஸ் கிட் அவர்களே! வெண்ணிற ஆடையும் வெண்ணிறத் தொப்பியுமாய் முன்வரிசையில் முழுநிலவுகளெனப் பொலியும் சபைத் தாய்மார்களே! தொண்டை தேயத் தேயப் பாடி எங்கள் துயரைத் தூக்கிச் சுமந்த பாடகர் குழுவினரே! மரம் அறுத்தும் பருத்தி பறித்தும் எங்களை மனிதராக்கிய பெரியோர்களே! வாக்குச்சீட்டை வழக்கமாய் வாங்கி, வழக்கமாய்ப் போட்டுவிட்டு வரும் பேறு பெற்ற இளைஞர்களே! மார்லோ நகரத்து மக்களே! மர அறுவை மில்லில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த கிளியோபஸ் ரட் உங்களை வணங்குகிறேன்.

இன்று காலை நீதிமன்ற வாசலில் ஒடெஸா டாலிவர் அம்மையாரின் பெயரால் கல்வெட்டுத் திறந்தோம். அதில் என்ன பொறித்திருக்கிறது? '1964 ஜூலையில் இந்தப் படிகளில் நின்ற நாற்பத்து மூவர், ஒருவரிடமும் ஆயுதமில்லை.' படித்தீர்கள். பரவசப்பட்டீர்கள். கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை? அந்தக் கல்லில் ஒரு பொய் இருக்கிறது, ஐயா! அன்று ஆயுதமில்லாமல் வந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். நாற்பத்து மூன்றாவது ஆள் துப்பாக்கியோடு வந்தான்.

அந்த ஆள் நான்.

என்ன, ஆமென் சத்தத்தைக் காணோம்? நல்லது. நான் பேசி முடிக்கும்வரை யாரும் ஆமென் சொல்ல வேண்டாம்.

ஒடெஸா அக்கா யார்? பிளம் தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருந்தவர். நம் கறுப்பினப் பெண்களில் அவர் கை படாத தலை இந்த ஊரில் உண்டா? பள்ளி ஆசிரியர் வாய் திறந்தால் வேலை போகும். மில்காரன் வாய் திறந்தால் வேலை போகும். ஒடெஸா டாலிவர் வாய் திறந்தால்? எந்த வெள்ளைக்காரன் பறிப்பான் அவர் வேலையை? ஆகவே திறந்தார். அவர் திறந்த வாயை இந்த மாவட்டமே திரண்டும் மூட முடியவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில் என் அண்ணன் ஏமோஸ், வாக்காளர் பட்டியலில் பெயர் பதியத் தனியாகப் போனான். பதிய விடவில்லை. திரும்பும் வழியில் மூன்று பேர் மறித்தார்கள். மூவரில் ஒருவன் ராய் ஹார்லெஸ். மாவட்டக் காவல் தலைவரான ஷெரீப்பின் கீழிருந்த டெபுடி. அண்ணனின் தாடை உடைந்தது. ஆறு வாரம் கம்பி கட்டிய வாயோடு, உறிஞ்சு குழலில் சோளக் கஞ்சி குடித்தான். பக்கத்தில் உட்கார்ந்து நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். உறிஞ்சும் சத்தம், மக்களே! இருபத்து நான்கு வயது இளைஞனுக்கு அது என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்?

ஜூனில் அக்கா பார்லரில் பயிற்சி தொடங்கினார். அடித்தால் எப்படி விழுவது, ஏசினால் எப்படி நிற்பது என்ற பயிற்சி. "நீதான் நல்லா ஆஜானுபாகுவா இருக்க. இன்னிக்கு நீதான் டெபுடி. என்மேல காப்பி ஊத்து" என்றார். அன்று காலைதான் படிய வாரிய தலை. ஊற்றினேன். அவர் முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. துண்டால் துடைத்துக்கொண்டே, "ஆறிப்போன காப்பி தம்பி. அடுத்த வாட்டி சூடா கொண்டா. அவனுங்க சூடாத்தான் ஊத்துவானுங்க" என்றார்.

அடுத்து என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முடிதிருத்தும் லெஸ்டர் டெபுடியாக நடித்தான். என் காதருகே குனிந்து, "உங்கண்ணன் இன்னும் உறிஞ்சிக்கிட்டுத்தான் இருக்கானாடா?" என்றான். நடிப்புத்தான். தெரியும். தெரிந்தும் அவன் குரல்வளையைப் பிடித்துவிட்டேன். நான்கு பேர் சேர்ந்து பிரித்தார்கள்.

அக்கா என்னை வெளியே, இந்த ஆலயத்துப் படிக்கு அழைத்துப் போனார். "நீ வராத கிளியோ. நீ வந்தா எல்லாரையும் சாகடிச்சிருவ."

"வருவேன்க்கா. அண்ணன் பேரச் சொல்லி நிக்கணும்."

"அப்ப வெறுங்கையா வரணும். சத்தியம் பண்ணு."

"சத்தியம்க்கா."

பொய்ச் சத்தியம்! போதகர் அவர்களே, இந்த ஆலயத்துப் படியிலேயே நின்று செய்த பொய்ச் சத்தியம்!

ஜூலை மாதத்து முதல் திங்கட்கிழமை. நீதிமன்றத்தில் வாக்காளர் பதிவு அலுவலகம் திறக்கும் நாள். வரிசையில் நாற்பத்து மூன்று பேர். படியின்மேல் காவலர்கள். வெயில் கொளுத்தியது, வாய் வறண்டது, நகர்ந்தால் இடம் போச்சு என்றார்கள். தண்ணீர் கொண்டுவந்த பெண்களைத் தெருமுனையிலேயே தடுத்தார்கள். பத்து மணி. பதினொரு மணி. பன்னிரண்டு மணி. கதவு திறக்கவில்லை. என் இடுப்பில், முதுகுப் பக்கம், சட்டைக்குள் என் தந்தையின் ரிவால்வர். ஹார்லெஸ் வரிசை நெடுக லத்தியால் ஒவ்வொருவரையும் நெஞ்சில் இடித்துக்கொண்டு வந்தான். ஒவ்வோர் இடிக்கும் நான் மனத்துக்குள் ஒரு முறை சுட்டேன்.

ஆனால் ஒன்றை நான் யோசிக்கவில்லை. வியர்வை! சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. துப்பாக்கியின் வடிவம் அப்படியே தெரிந்தது. எனக்குத் தெரியாது. எனக்குப் பின்னால் நின்றவருக்குத் தெரிந்தது. பின்னால் நின்றவர் ஒடெஸா அக்கா.

ஓரடி முன்னே வந்து என் முதுகை மறைத்து நின்றார். உதடு அசையாமல், "முதுகுல என்னடா?"

"அப்பாவோடது."

"அந்த மனுசன் உயிரோட இருந்தப்பவே பேர் பதிய விடல. செத்தப்புறம் எதுக்குடா கூட்டிட்டு வந்த?"

"அக்கா, அவன் வர்றான். நீங்க நகருங்க."

"நான் நகர்ந்தா உன் பிணம் விழும். நேரா பாரு. மூச்ச விடு."

ஆயிரம் தலைகளைப் பின்னிய விரல்கள் அவை. என் சட்டை அசைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. மறுகணம் துப்பாக்கி அவருடைய கைப்பைக்குள் இருந்தது. இப்போது எண்ணிப் பாருங்கள்! சோதனை போட்டால் சாவு யாருக்கு? எனக்கா? என் சாவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார், ஐயா!

ஹார்லெஸ் வந்தான். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணியை அவன் அழைத்த அழகைக் கேளுங்கள். "ஏ பொண்ணே! பையில என்ன?"

வரிசை உறைந்தது.

அக்கா பையை நீட்டினார். "பொம்பளைங்க சமாச்சாரம் சார். மாசாமாசம் வெக்கிற துணி மேலயே இருக்கு. பாக்கணும்னா கைய விட்டுப் பாருங்க."

சிரிக்கிறீர்கள், தாய்மார்களே. அன்று படியில் நின்ற காவலர்களும் சிரித்தார்கள். "விட்டுப் பாரேன் ராய்!" என்று ஒருவன் கத்தினான். அந்தச் சிரிப்புத்தான் வினையானது. அவன் முகம் சிவந்தது; லத்தி உயர்ந்தது; அக்காவின் இடது காதின் மேல் இறங்கியது. பச்சை மரம் முறிவது போல் ஒரு சத்தம். அவர் விழுந்தார். பையை வயிற்றோடு அணைத்து, அதன்மேல் குப்புற விழுந்தார்.

என் கை முதுகுக்குப் போனது. போயிற்று, மக்களே! நான் சொல்லாமலே போயிற்று. அங்கே ஈரச் சட்டை மட்டும் இருந்தது.

தரையிலிருந்து ஒரு குரல்: "லைன விடாத, கிளியோ."

விடவில்லை. அழுதேன், நின்றேன். குனிந்து தூக்கினால் என் இடம் போகும். அவர் பட்ட அடி வீணாகும். யாரும் அசையவில்லை. எனக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம். அதை அடைக்க ஒருவரும் முன்னே வரவில்லை. அக்கா முழங்காலூன்றி எழுந்தார். தோளில் இரத்தம் வழிய, பையைக் கையில் மாட்டிக்கொண்டு, தன் இடத்தில் வந்து நின்றார். மாலை நான்கு மணிவரை நின்றார்!

அன்று உள்ளே விட்டது மூன்று பேரை. மூவரையும் மறுத்தார்கள். இன்னும் ஐந்து முறை போனோம். வாக்குரிமைச் சட்டம் வந்தபின், மறு ஆண்டு ஆகஸ்டில்தான் என் பெயர் பட்டியலில் ஏறியது.

அடுத்த நாள் பார்லருக்குப் போனேன். "என் பொருளக் குடுங்க" என்றேன். காதில் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"நேத்து இது உன்கிட்ட இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"சுட்டிருப்பேன்."

"அப்புறம்?"

"அவன் செத்திருப்பான்."

"அப்புறம்?"

நான் கையை மட்டும் நீட்டினேன்.

"படியில எத்தன துப்பாக்கின்னு நான் எண்ணினேன். பதினொண்ணு. நம்ம கூட்டத்துல ஆறு பொம்பளைங்க, கிளியோ. அது ஒருபக்கம் இருக்கட்டும். அவனுக்கு ஒரு பொண்ணு இருக்கு. ஆறு வயசு. ஹார்ட்வேர் கடை வாசல்ல அவன் விரலப் பிடிச்சிட்டு நிக்கும். அதுக்கும் அப்பன் வேணும்ல?"

கத்தினேன். "அவன் பொண்ணப் பத்தி நமக்கென்னக்கா? எங்கண்ணனால இன்னும் ஒரு ரொட்டியக் கடிக்க முடியல!"

"அடிபட்டவ நான் சொல்றேன். சத்தமாத்தான் சொல்லு, இந்தக் காதுல ஒண்ணும் விழல."

இறுதிவரை அந்தக் காதில் எதுவும் விழவில்லை. துப்பாக்கியை அங்கேயே விட்டு வெளியேறினேன். இரண்டு ஆண்டுகள் அவர் முகத்தில் விழிக்கவில்லை. இதையும் சொல்லத்தானே வேண்டும்? அகிம்சை அமுதம் என்கிறீர்கள். எனக்கு அது கசந்தது! தொண்டையில் முள்ளாய்க் குத்தியது! சமத்துவம் என்றால் அவர்கள் நம்மை மனிதராய் எண்ணுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். லத்தி தூக்கியவனையும் மனிதனாய் எண்ணும் வலிமை நமக்கு வேண்டும் என்று, இரத்தம் காயாத காதோடு ஒருவர் சொன்னால் அதை எப்படி ஏற்பது? ஏற்க எனக்கு ஆண்டுகள் பிடித்தன.

முப்பத்திரண்டு ஆண்டுகள் மூடிவைத்ததை இன்று ஏன் திறந்தேன்? சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. 'என் பெயர் லோரெட்டா. ராய் ஹார்லெஸ் என் தந்தை. அன்று அவர் என்ன செய்தார் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நீங்கள் சொல்வீர்களா?'

அவர் இங்கே வந்திருக்கிறார். கதவோரம், கடைசி இருக்கையில்.

அம்மா, கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். உங்கள் தந்தை என் அண்ணனின் தாடையை உடைத்தவர்களில் ஒருவர். ஒடெஸா டாலிவரின் செவியைப் பறித்தவர். சாகும்வரை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. உங்களுக்காக இதில் ஒரு சொல்லையும் நான் குறைக்க மாட்டேன். ஆனால் அன்று மாலை அவர் வீடு திரும்பினார். உங்களைத் தூக்கினார். பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து, தன் படுக்கையில் செத்தார். ஏன்? அவரிடம் அடிபட்ட பெண், அவரைக் கொல்லவிருந்த துப்பாக்கியின்மேல் விழுந்து கிடந்தார்! அந்தப் பெண்ணால் நீங்கள் தந்தையோடு வளர்ந்தீர்கள். அவரால், கொலைக் குற்றத்துக்காக மின்சார நாற்காலியில் உட்கார வேண்டிய நான் இந்த மேடையில் நிற்கிறேன்.

இனி ஆமென் சொல்ல மனமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பேச இடம் தந்த போதகருக்கும், பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், கண்ணீர் துடைக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி. மார்லோ மக்களே, உங்களுக்கு என் வணக்கம். லோரெட்டா அம்மா, உங்களுக்கும் வணக்கம்.